மலேரியா ஒழிந்த நாட்டில் அப்பாவைக் கடித்த கொசு எது?

தம்பி, நீ கேட்டது மூன்று கேள்வி. மலேசியாவில் மலேரியா ஒழிந்துவிட்டது என்று படித்தோமே, அப்பாவுக்கு மட்டும் எப்படி வந்தது? பத்தாங்காலியில் டிங்கிக் காய்ச்சலுக்காகப் புகையடிக்கிறார்களே, அந்தக் கொசுவே இதையும் பரப்புமா? டாக்டர் ‘குரங்கு மலேரியா’ என்றாராம், எந்தக் கொசு அதைக் கொண்டுவந்தது என்பதை யார், எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

உன் அப்பாவும் நானும் ஒரே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அவர் பால்மரம் வெட்ட வெட்டுக்காட்டுக்குப் போனார், நான் சுகாதார இலாகாவில் கொசு பிடிக்கும் வேலைக்குப் போனேன். ஓய்வு பெறும்வரை உலு சிலாங்கூரிலும் பகாங் பக்கத்துக் காட்டோரங்களிலும் இரவு இரவாக உட்கார்ந்து கொசு பிடித்தவன். ஆகவே கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்.

முதலில் சுருக்கமாக. டிங்கி பரப்புவது ஏடிஸ். அது வீட்டுப் பூச்சட்டியிலும் பழைய டயரிலும் வளரும், பகலில் கடிக்கும், மலேரியாவைப் பரப்பாது. தாமானில், அதாவது நம் குடியிருப்பில், எத்தனை முறை புகையடித்தாலும் உன் அப்பாவைக் கடித்த கொசுவுக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அது தாமானில் இல்லை. வேலை முடிந்தபின் ராத்திரிக் காவலுக்கு அவர் போகிற டுரியான் தோட்டம் இருக்கிறதே, காட்டை ஒட்டி, அங்கேதான் கடி வாங்கியிருப்பார் என்று நான் நினைக்கிறேன். ஏன் என்பதற்குத்தான் மீதிக் கதை.

மலேரியாவைப் பரப்புவது அனோபிலஸ் என்ற குடும்பம், அதிலும் பெண் கொசு மட்டும். முட்டை வளர அதற்கு ரத்தம் வேண்டும். உட்காரும் விதத்திலேயே அடையாளம் தெரியும். மற்றக் கொசு முதுகைக் கூனிக்கொண்டு சுவருக்கு இணையாக உட்காரும், அனோபிலஸ் தலையைக் கீழே குத்தி வாலை மேலே தூக்கி ஆணி அடித்ததுபோல் உட்காரும். தண்ணீரில் இருக்கும் அதன் புழுவுக்கு மூச்சுக்குழல் கிடையாது, அதனால் தலைகீழாகத் தொங்காமல் தண்ணீர் மேல் படுத்துக்கிடக்கும். சின்னப் பையனுக்குக்கூட ஒரு நாளில் இதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

கஷ்டம் அதற்கப்புறம்தான். உலகில் அனோபிலஸ் இனங்கள் 400க்கு மேல். மனிதனுக்கு மலேரியா பரப்புவதில் முக்கியமானவை அதில் ஏறக்குறைய 40. ஒவ்வொன்றுக்கும் ஒரு தண்ணீர், ஒரு நேரம், ஒரு ருசி. ஒன்றுக்கு வெயில் படும் ஓடை வேண்டும், ஒன்றுக்கு நிழல் படிந்த சதுப்பு, சுண்டைக்கஸ் என்பதற்குக் கடலோர உப்புத் தண்ணீர். ஒன்று மாட்டைத் தேடும், ஒன்று மனிதனை, ஒன்று மரத்து உச்சியில் குரங்கை. எது என்று தெரியாமல் கொசுவை ஒழிக்கப் போனால் ஒன்றைக் கொன்று இன்னொன்றை வளர்த்துவிடுவோம். இதை நான் சும்மா சொல்லவில்லை. நம் பாட்டன் பூட்டன்மார் உயிரைக் கொடுத்து இந்தப் பாடத்தை இந்த மண்ணில் எழுதியிருக்கிறார்கள்.

1897 ஆகஸ்டு 20ஆம் தேதி, செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற ராணுவ டாக்டர், மலேரியா நோயாளியைக் கடிக்க விட்டு வளர்த்த புள்ளிச் சிறகுக் கொசுவின் வயிற்றை அறுத்துப் பார்த்தபோது அதன் சுவரில் மலேரியாக் கிருமியின் முடிச்சுகளைக் கண்டார். அதுவரை ‘கெட்ட காற்று’ என்று சொல்லிக்கொண்டிருந்த நோய்க்குக் கொசுதான் வழி என்று அதிலிருந்து தெளிவாயிற்று. நான்கு வருடம் கழித்து, 1901இல், மால்கம் வாட்சன் என்ற இளம் டாக்டர் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தார். அதே ஆண்டு போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், திறக்கப்பட்டது. திறந்த கையோடு காய்ச்சல் பரவிக் கூலிகள் கொத்துக்கொத்தாக விழுந்தார்கள். கிள்ளான் ஊரிலும் துறைமுகத்திலும் அந்த ஆண்டில் காய்ச்சலில் மட்டும் 368 பேர் செத்தார்கள். வாட்சன் சதுப்பைத் தூர்க்கச் சொன்னார், கால்வாய் வெட்டித் தண்ணீரை வடிக்கச் சொன்னார், காட்டை வெட்டச் சொன்னார். மறு ஆண்டு அந்தக் கணக்கு 59.

அந்தக் கடலோரக் காய்ச்சலுக்குக் காரணம் அனோபிலஸ் உம்ப்ரோசஸ். கறுத்த கொசு, நிழலான சதுப்புக் காட்டுத் தண்ணீரில் வளர்வது. காட்டை வெட்டி வெயிலை உள்ளே விட்டால் அதற்கு வாழ்வில்லை. ‘அப்படியென்றால் எல்லா இடத்திலும் காட்டை வெட்டு, வடிகால் வெட்டு’ என்றுதான் யாருக்கும் தோன்றும். ரப்பர் தோட்டங்கள் மேட்டு நிலத்துக்கு ஏறியபோது அதையே செய்தார்கள். அங்கே நடந்தது நேர் எதிர். காட்டை வெட்ட வெட்ட மலேரியா கூடியது. குன்றுக்கு நடுவே ஓடும் தெளிந்த ஓடைகளில் வெயில் பட்டதும் அனோபிலஸ் மாகுலேட்டஸ் என்ற வேறொரு கொசு குடியேறிவிட்டது. அதற்கு வெயில்தான் உயிர். பால்மரம் நடுவதற்காகக் காட்டை அழித்தவர்கள், தெரியாமலேயே, தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பக்கத்தில் அதற்கு வீடு கட்டிக்கொடுத்தார்கள். நம் ஆட்கள் ஊரிலிருந்து கப்பலேறி வந்து புது மேட்டுத் தோட்டங்களில் மாண்டுபோனதற்கு இந்தக் கொசுவுக்குப் பெரிய பங்கு உண்டு. பூட்டன் செத்த கதையை எந்தக் குடும்பத்தில் கேட்டாலும் ‘குளிர்காய்ச்சல் கொண்டுபோயிருச்சு’ என்பார்கள். அந்தக் குளிர்காய்ச்சலுக்கு ஒரு பெயர் உண்டு, கால் நுனி வெள்ளையாக இருக்கும் ஒரு கொசுவின் பெயர்.

வாட்சன் அந்த முரண்பாட்டைப் பார்த்துப் பதறாமல் காரணம் தேடினார். அதற்காக அவரை நான் மதிக்கிறேன். மேட்டு நிலத்தில் திறந்த வடிகால் உதவாது என்று கண்டு, ஓடைத் தண்ணீரை மண்ணுக்கு அடியில் குழாய் பதித்து ஓட விட்டார். சீபீல்டு தோட்டத்தில் அதைச் செய்து காட்டினார். இன்று சுபாங் ஜெயாவாக நிற்கும் நிலம் அது. குழாய் பதிக்க முடியாத இடத்தில் ஓடையில் எண்ணெய் தெளித்தார்கள். என் தாத்தா அந்த எண்ணெய் அடிக்கும் கும்பலில் இருந்தவர். முதுகில் தகர டின், கையில் பம்பு, வாரம் தவறாமல் ஒவ்வொரு ஓடையாக நடப்பார். ஏன் வாரத்துக்கு ஒரு முறை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு இந்த வேலைக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறக்க மாகுலேட்டஸுக்கு ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஒரு வாரம் தவறினால் ஒரு தலைமுறைக் கொசு பறந்துவிடும். தாத்தாவின் வேலை அட்டவணையை எழுதியது கொசு.

இனம் பார்த்து, அந்த இனத்துக்கு வேண்டிய தண்ணீரை மட்டும் கெடுப்பது என்ற இந்த முறை பின்னர் டச்சுக்காரர்கள் வழியாக இந்தோனேசியாவுக்கும் போனது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வரிசையாக நிறுத்திக் கொய்னா மருந்து குடிக்கக் கொடுத்தது, பின்னால் வீட்டுச் சுவரில் டிடிடி பூச்சிமருந்து அடித்தது, மருந்திட்ட கொசுவலை, எல்லாம் சேர்ந்து நாட்டின் மலேரியாவை அடக்கின. 2018 முதல் மலேசியாவில் மனிதனுக்கு மனிதன் பரவும் மலேரியா உள்நாட்டில் ஒருவருக்குக்கூட வரவில்லை. பெரிய சாதனை. நீ படித்ததும் உண்மைதான்.

ஆனால் அதே 2018இல் 4,000க்கு மேற்பட்டவர்களுக்குக் குரங்கு மலேரியா வந்தது.

அந்தக் கிருமியின் பெயர் பிளாஸ்மோடியம் நோலெசி. மலாய்க்காரர்கள் கெரா என்றும் பெரோக் என்றும் சொல்கிற இரண்டு வகைக் குரங்குகளின் ரத்தத்தில் அது காலங்காலமாக இருக்கிறது. குரங்குக்கு அதனால் பெரிய தொந்தரவு இல்லை. 1961இல் கிள்ளான் பக்கம் ரந்தாவ் பாஞ்சாங்கில் அனோபிலஸ் ஹக்கேரி என்ற கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் அந்தக் கிருமியைக் கண்டார்கள். நீப்பா பனை மட்டையில் தேங்கும் தண்ணீரில் வளர்கிற கொசு அது, மனிதனைக் கடிக்காது. அதனால் குரங்கின் நோய் குரங்கோடு போகட்டும் என்று இருந்தார்கள். 1965இல் பகாங் காட்டில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய ஓர் அமெரிக்கருக்கு அந்த நோய் இருந்தது தெரிந்தது. இயற்கையாகக் குரங்கிடமிருந்து மனிதனுக்கு வந்த முதல் நோலெசி அதுதான். பின் சுற்றுவட்டாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தை எடுத்துப் பரிசோதித்தார்கள், ஒருவரிடமும் இல்லை. அபூர்வம் என்று கோப்பை மூடினார்கள்.

மூடிய கோப்பைத் திறந்தது 2004. சரவாக் காப்பிட்டில் பல்பீர் சிங்கும் ஜேனட் காக்ஸ் சிங்கும் சக ஆய்வாளர்களும் 208 மலேரியா நோயாளிகளின் ரத்தத்தை மரபணு முறையில் சோதித்தபோது 120 பேரிடம் நோலெசி இருந்தது. மைக்ராஸ்கோப்பில் அது பார்ப்பதற்கு மலேரியே என்ற சாதுவான வகை மாதிரியே இருக்கும், ஆரம்ப நிலையில் பால்சிபாரம் என்ற கொடிய வகை மாதிரி இருக்கும். பல காலமாக ஆள் மாறாட்டம் நடந்துகொண்டிருந்தது. அது சாதுவும் அல்ல. மற்ற வகைகள் ரத்தத்தில் ஒரு சுற்றுப் பெருகுவதற்கு 48 அல்லது 72 மணி நேரம் எடுக்கும், இது 24 மணி நேரத்தில் பெருகும். ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் நிலைமை மாறிவிடும். உன் அப்பாவுக்கு முதலில் போன கிளினிக்கில் டிங்கி என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்று எழுதியிருந்தாயே, படித்தபோது எனக்குப் பகீரென்றது. நீங்கள் மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நல்ல காரியம்.

இனி உன் மூன்றாவது கேள்வி. என் வாழ்க்கை அதில்தான் போனது.

காப்பிட்டில் நோய் தெரிந்தது, பரப்பும் கொசு தெரியவில்லை. ஹக்கேரி மனிதனைக் கடிப்பதில்லை, பிறகு எது? தேடிப் போனவர்களில் இந்திரா வைத்திலிங்கம் முக்கியமானவர். காப்பிட்டில் அனோபிலஸ் லேட்டன்ஸ், பகாங் கோல லிப்பிஸில் அனோபிலஸ் கிரேசென்ஸ், நம் உலு சிலாங்கூரில் அனோபிலஸ் இன்ட்ரோலேட்டஸ் என்று அவரும் அவர் குழுவினரும் ஒவ்வொன்றாக நிரூபித்தார்கள். சபாவில் அனோபிலஸ் பாலபாசென்சிஸ். எல்லாம் லூகோஸ்பைரஸ் என்ற ஒரே கூட்டத்தைச் சேர்ந்த பங்காளிகள், காட்டு நிழலில் வாழ்கிறவை. நான் படம் வரைந்து பழகிய முதல் அடையாளம் இந்தக் கூட்டத்தினுடையது: பின்னங்கால் மூட்டில் பட்டையாக ஒரு வெள்ளை வளையம், யாரோ சலங்கை கட்டிவிட்டது மாதிரி.

எப்படிப் பிடிப்போம் என்கிறாயா? மாலை ஆறு மணிக்குக் காட்டோரத்தில் இருவர் முழங்கால்வரை கால்சட்டையைச் சுருட்டிவிட்டு உட்காருவோம். கையில் கண்ணாடிக் குழாய், பஞ்சு, டார்ச். காலில் கொசு வந்து இறங்கியதும், ஊசியைக் குத்துவதற்குள், குழாயை மேலே கவிழ்த்துப் பஞ்சால் அடைக்க வேண்டும். மலேரியா மாத்திரை முன்கூட்டியே சாப்பிட்டிருப்போம். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தனிப்பை, பையில் மணியை எழுதுவோம். அதனால்தான் எந்த இனம் எத்தனை மணிக்குக் கடிக்கிறது என்று சொல்ல முடிகிறது. இந்தக் கூட்டம் பொழுது சாய்ந்து இருட்டத் தொடங்கிய முதல் சில மணி நேரத்தில், வீட்டுக்கு வெளியே, அதிகம் கடிக்கும். கொசுவலைக்குள் யாரும் படுத்திருக்காத நேரம் அது. மனிதக் காலை இரையாக வைப்பது சரியா என்ற கேள்வி இப்போது உண்டு, அது நியாயமான கேள்விதான். விளக்குப் பொறி, ஆளோ மாடோ உள்ளே இருக்க வெளியே கொசு மாட்டும் வலைக்கூடாரம் என்று மாற்று வழிகள் வந்துவிட்டன. குரங்கைக் கூண்டில் வைத்து மர உச்சியில் ஏற்றியும் பிடித்திருக்கிறார்கள். மேலே குரங்கைக் கடிப்பதும் கீழே ஆளைக் கடிப்பதும் ஒரே இனம்தானா என்று தெரிந்துகொள்ள அதுதான் வழி. ‘ஆமாம்’ என்று பதில் வந்த இடத்தில் நோய் மரத்திலிருந்து இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

பிடித்தவற்றைக் காலையில் மைக்ராஸ்கோப் மேசைக்குக் கொண்டுபோவோம். சிறகுப் புள்ளி, கால் வளையம், வாய் நுனி பார்த்து இனம் பிரிப்போம். இன்ட்ரோலேட்டஸும் லேட்டன்ஸும் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள், பழுத்த அனுபவசாலியும் தடுமாறுவார். ஒரு காலைக் கிள்ளி மரபணுச் சோதனைக்கு அனுப்பினால்தான் உறுதி. பிறகு அறுவை. ஒரு சொட்டு உப்புநீரில், இரண்டு மெல்லிய ஊசியால். கொசு உடம்பில் மூன்று இடம் பார்ப்போம்.

முதலில் சூலகம், அதாவது முட்டைப்பை. மலேரியாக் கிருமி கொசுவுக்குள் முதிர ஏறக்குறைய பத்து நாள் வேண்டும். ஆகவே நேற்றுப் பிறந்த கொசு எத்தனை இருந்தாலும் பயமில்லை, கிழட்டுக் கொசுதான் ஆபத்து. கொசுவின் வயதை எப்படிப் பார்ப்பது? முட்டை இடாத கொசுவின் சூலகத்தில் மூச்சு நரம்புகள் நூல்கண்டுபோல் சுருண்டிருக்கும், ஒரு முறை முட்டையிட்டால் அந்தச் சுருள் அவிழ்ந்துவிடும், திரும்பச் சுருளாது. டெட்டினோவா என்ற ரஷ்யப் பெண் விஞ்ஞானி காட்டிக்கொடுத்த அடையாளம் இது. நான் முதல்முறை அதைத் தெளிவாகப் பார்த்த நாளில் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திருக்க மனசே வரவில்லை. ஒரு ஊரில் பிடித்த கொசுவில் சுருள் அவிழ்ந்தவை அதிகமானால் அங்கே கொசு நீண்ட நாள் வாழ்கிறது. மருந்து அடித்தபின் அது குறைந்தால் மருந்து வேலை செய்கிறது.

அடுத்து வயிறு, ராஸ் பார்த்த அதே முடிச்சுகளுக்காக. கடைசியாக உமிழ்நீர்ச் சுரப்பி. தலையை மெதுவாக இழுத்தால் கழுத்தோடு கூடவே வரும், அரிசிக் குருணையைவிடச் சின்னது. அதை நசுக்கினால், கிருமி இருந்தால், ஊசி ஊசியாய் நெளியும். அது தெரிந்தால்தான் ‘இந்தக் கொசு பரப்புகிறது’ என்று சொல்ல முடியும். நூற்றுக்கணக்கில் அறுத்தாலும் ஒன்றிரண்டு கிடைப்பதே அதிகம். இரவெல்லாம் விழித்து, பகலெல்லாம் குனிந்து, வாரக்கணக்கில் வெறும் ‘இல்லை, இல்லை’ என்று எழுதிய நோட்டுகள் என்னிடம் உண்டு. அந்த ‘இல்லை’களும் கணக்குதான். கிடைத்த கிருமி குரங்கினுடையதா மனிதனுடையதா என்று கண்ணால் சொல்ல முடியாது, அதற்கும் மரபணுச் சோதனைதான்.

இப்போது அப்பாவின் டுரியான் தோட்டத்துக்கு வா. டுரியான் இரவில் விழும், அதனால் குடிசையில் காவல். பழத்துக்குக் குரங்கும் வரும். குரங்கைத் தேடிக் கொசு வரும். லாரிச் சக்கரம் பதிந்த குழியிலும் மர நிழலில் தேங்கிய மழைத்தண்ணீரிலும் இந்தக் கூட்டத்துப் புழுக்கள் வளரும். இருட்டியதும் சட்டையைக் கழற்றிவிட்டு அவர் வாசலில் காற்றாட உட்காருகிறார். ஒரு பூட்டுக்கு எல்லாச் சாவியும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டது, பார்த்தாயா? லயத்துச் சுவரில் மருந்து அடித்து வென்ற பழைய போர்முறை இங்கே செல்லாது, சுவரே இல்லாத இடத்தில் கடிக்கிற கொசு இது.

அம்மாவிடம் சொல், பயப்பட வேண்டாம். இது உங்கள் வீட்டில் ஒருவர் தொட்டு இன்னொருவருக்கு வராது. மருந்தை முழுக்கச் சாப்பிட்டு முடித்தால் போய்விடும், வைவாக்ஸ் என்ற மலேரியா வகை மாதிரி ஈரலில் ஒளிந்திருந்து மாதம் கழித்துத் திரும்பி வருகிற குணம் நோலெசிக்குக் கிடையாது. மறுபடி கொசு கடித்தால் மறுபடி வரலாம், அது வேறு. குரங்கைச் சுட வேண்டும் என்று தோட்டத்தில் யாராவது கிளம்பினால் தடுத்து நிறுத்து. கலைந்த கூட்டம் அடுத்த தோட்டத்துக்குப் போகும், கிருமியும் கூடவே போகும்.

காவலுக்குத் திரும்பப் போவார், போக வேண்டாம் என்று சொன்னால் கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். போகட்டும். மாலை ஆறு மணிக்குள் முழுக்கைச் சட்டையும் நீளக் கால்சட்டையும், கைகாலில் கொசுத் தைலம், படுக்கையைச் சுற்றி மருந்திட்ட வலை. குடிசையைக் காட்டோரத்திலிருந்து தள்ளித் திறந்த வெளியில் போடச் சொல். காய்ச்சல் வந்தால் எந்த கிளினிக்கானாலும் முதல் வாக்கியமாக ‘காட்டோரத் தோட்டத்தில் ராத்திரி தங்கினேன், மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கள்’ என்று அவரே சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை அவருக்கு மனப்பாடம் ஆக்கிவிடு.

சுகாதார இலாகாவிலிருந்து பிள்ளைகள் விசாரிக்க வருவார்கள். தோட்டத்துக்குக் கூட்டிப்போ. குடிசையிலிருந்து ஓடைக்கு எத்தனை அடி, லாரிக் குழி எங்கே, குரங்கு எந்த மரத்தில் தூங்குகிறது, இந்த மூன்றையும் அப்பாவிடம் கேட்டு எழுதி வை. நாங்கள் ஒரு இடத்துக்குப் போனால் முதலில் கேட்பது அதைத்தான். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வருகிறேன், நானும் அவரிடம் கேட்கிறேன்.